மண்டபத்து வாசலில் ஓர் உரல்

போன ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்து வாசலில் ஒரு கல் உரல், உலக்கை, அம்மி, பக்கத்தில் ஓர் அரிக்கேன் விளக்கு. எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்திப்பூ சுற்றியிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் அக்காவின் பேத்தி, "ஆயா, உலக்கையைப் பிடிச்சிக்கிட்டு நில்லு, ஒரு போட்டோ எடுக்கிறேன்" என்றாள்.

அக்கா நகரவே இல்லை. "வேணாம்மா, கை வலிக்கும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் நானும் ஓர் உரல் படம் போட்டு, "உலக்கைச் சத்தம்தான் எங்களுக்குத் தாலாட்டு" என்று எழுதினேன். உங்களில் பலர் ஹார்ட் போட்டீர்கள். எனக்குத் தாலாட்டுதான். இடித்தது அக்கா.

எங்கள் காவலூர்ப் பக்கம் அப்போது பெரும்பாலும் சாமைச் சோறுதான். சாமை இடித்தவர்களுக்குத் தெரியும், பொடித் தானியம், உமி லேசில் விடாது. இடிக்க வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், திரும்பவும் உரலில் கொட்டி இடிக்க வேண்டும். அப்புறம் கல் பொறுக்கி அரிக்க வேண்டும். அத்தனையும் அன்றைக்கு ஒருநாள் சோற்றுக்கு. விடியற்காலை நான்கு மணிக்கு அம்மாவும் அக்காவும் ஆளுக்கொரு உலக்கையோடு மாற்றி மாற்றிப் போடுவார்கள். அக்காவுக்குப் பதின்மூன்று வயது. எனக்குப் பத்து. நான் கம்பளிக்குள்.

விளக்குக் கதையும் இதேதான். அரிக்கேன் கண்ணாடியில் தினமும் கரி படியும். பெரியவர்கள் கை உள்ளே நுழையாது என்பதால் துடைப்பது பிள்ளைகள் வேலை, அதாவது பெண் பிள்ளை வேலை. ஒரு சாயங்காலம் கண்ணாடி அவள் கையிலேயே விரிந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிழித்துவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணாடி போச்சே என்று அம்மா அழுதார். அந்த விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்து ஆசிரியர் பயிற்சி வரை போனவன் நான். அவள் ஐந்தாம் வகுப்போடு சரி.

அதே காலத்தில்தான், 1972-ல், எங்கள் ஊர் வானாய்வகத்துக்கு 40 அங்குலத் தொலைநோக்கி வந்தது. வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இங்குள்ள இருட்டும் ஒரு காரணம். நட்சத்திரம் பார்க்க இருட்டு வேண்டும், மறுக்கவில்லை. சாமையில் கல் பொறுக்க வெளிச்சம் வேண்டுமே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கொஞ்சம் கண்டிப்பான வாத்தியார். அறுவடை முடிந்த மாதங்களில் பெண் பிள்ளைகள் தாமதமாக வருவார்கள், சில நாள் வரவே மாட்டார்கள். ஒருநாள் தாமதமாக வந்த ஒரு பிள்ளையைக் கையை நீட்டச் சொன்னேன், அடிக்கத்தான். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து சிவப்பாக இருந்தது. "உலக்கை, சார்" என்றது. பிரம்பை மேசையில் வைத்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கமில்லை. அக்கா உள்ளங்கையை நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததே இல்லை.

மற்றதெல்லாம் நீட்டப்போவதில்லை. பம்ப் ஸ்டவ் எத்தனை வீட்டில் வெடித்தது, பழைய பேப்பரைப் புரட்டினால் தெரியும். விறகடுப்பை ஊதி ஊதி இருமியவர்கள் எல்லார் வீட்டிலும் இருந்தார்கள். இப்படி வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அம்மிச் சட்னியின் ருசியா? உண்மைதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அதை அரைத்தவர்கள் கடைசிப் பந்தியில் வழித்துத்தான் சாப்பிட்டார்கள்.

2011-ல் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் கொடுத்தபோது என் நண்பர்கள் சிலர், "ஜனங்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள்" என்றார்கள். எல்லாரும் ஆண்கள். நான் அன்று பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

எங்கள் பழைய உரல் இன்னும் அக்கா வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. மழைத்தண்ணீர் தேங்கினால் கோழி குடிக்கும்.

கல்யாணம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பேத்தியிடம் சாமை இடித்த கதையைச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். அக்கா என் கையைத் தட்டினாள். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்டா. மிக்ஸி ஜாருக்கு வாஷர் போயிடுச்சு, ஒழுவுது. ஆலங்காயத்துல இறங்கி ஒண்ணு வாங்கிட்டுப் போயிடலாம்" என்றாள்.

இறங்கினோம். ஒன்று போதும் என்றேன். இரண்டாக வாங்கிக்கொண்டாள்.