பஃபலோ ரோடு முதல் டேனரி லேன் வரை

என் பிறந்தநாளுக்கு வானொலி நிலைய நண்பர்கள் சேர்ந்து ஒரு பரிசு தந்தார்கள். தோலில் கைவேலை கற்றுத்தரும் அரைநாள் வகுப்பு. சனிக்கிழமை காலை 11 மணி, மெக்பர்சன் பக்கம்.

அம்மாவிடம் சொன்னேன். “தோல் வேலையா? வேற வகுப்பே கிடைக்கலையாம்மா?” என்றார். அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வகுப்புக்கு முன் நேரம் இருந்ததால் தேக்காவில் இறங்கி ஒரு தே குடித்துவிட்டு, பஃபலோ ரோடில் நடந்தேன். வெற்றிலைக் கட்டு, வாழைத்தார், கறிவேப்பிலை, மல்லிகைச்சரம். எத்தனையோ முறை நடந்த தெருதான். ஆனால் அன்று பெயர்ப் பலகை கண்ணில் பட்டது.

பஃபலோ ரோடு, பக்கத்தில் கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். நம்மில் பலர் பிறந்த கேகே மருத்துவமனையின் இரண்டு எழுத்துகளும் அங்கிருந்து வந்தவையே. 19ஆம் நூற்றாண்டில் ரொச்சோர் ஆற்றையொட்டி நீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்ததால் கால்நடை வணிகம் இங்கே செழித்தது. வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிய பெலிலியோஸ் ரோடுகூட, கல்கத்தாவிலிருந்து வந்த கால்நடை வணிகர் ஐ.ஆர். பெலிலியோசின் பெயரைத் தாங்கியதுதான்.

1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகளைக் காப்பாற்றிவிட்டோம். அந்தக் கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்து வேலை செய்தவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. என் தாத்தா அவர்களில் ஒருவர்.

“தாத்தா கடை வைத்திருந்தார்” என்றுதான் வீட்டில் சொல்வோம். பாட்டி இறந்த பிறகு பழைய பெட்டியில் மரப்பிடி போட்ட குத்தூசி ஒன்று கிடைத்தது. “உங்க தாத்தா செருப்புத் தைச்சார்” என்று அப்பா ஒரே வரியில் முடித்துக்கொண்டார். பிறகொரு நாள் என் நிகழ்ச்சியில், ‘உங்கள் தாத்தா என்ன வேலை செய்தார்?’ என்று நேயர்களைக் கேட்டேன். துறைமுகம், ரப்பர் தோட்டம், பால் வியாபாரம் என்று பெருமையோடு சொன்னார்கள். என் முறை வந்தபோது நானும், “கடை வைத்திருந்தார்” என்றுதான் சொன்னேன்.

பேருந்து சிராங்கூன் சாலையில் நேராகப் போய், உட்ஸ்வில் சந்திப்பைத் தாண்டி மெக்பர்சன் சாலையில் திரும்பியது. அங்கிருந்து கிளைபிரியும் தெருக்களில் ஒன்று டேனரி லேன். தமிழில் சொன்னால், தோல் பதனிடும் சந்து. இன்று அந்தப் பகுதி முழுக்க தொழிற்கூடக் கட்டடங்கள், லாரிகள், மதியச் சாப்பாட்டுக்கு நிரம்பும் காப்பிக்கடைகள். அப்படியொரு கட்டடத்தின் மாடியில்தான் எங்கள் வகுப்பு.

கதவைத் திறந்ததும் வாசனை. மரமும் எண்ணெயும் கலந்தது போன்ற வாசனை. சீன ஆசிரியை வெளிர்நிறத் தோல் ஒன்றை விரித்துக் காட்டினார். ரசாயனக் குரோமிய உப்பில் பதனிடாமல், மரப்பட்டைச் சாறில் ஊறவைத்துப் பதனிட்டதாம். எனக்குத் தமிழ்நாட்டு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் நினைவுக்கு வந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பக்கம் தலைமுறைகளாக அவற்றைக் கொண்டு தோல் பதனிட்டிருக்கிறார்கள். திண்டுக்கல் பக்கத்துக் கிராமம்தான் தாத்தாவின் ஊர்.

முதல் வேலை, அட்டைகள் வைக்கும் சிறிய உறை. வங்கி அட்டையின் நீளம் 85.6 மி.மீ., அகலம் 54 மி.மீ. அந்த அளவுக்கே தோலை வெட்டினால் அட்டை உள்ளே போகாது. தையலுக்கும் தோலின் தடிமனுக்கும் இடம் விடவேண்டும். நான் விட்டது போதவில்லை. 1.5 மி.மீ. தடிமனுள்ள தோலை வீணாக்கிவிட்டு இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன்.

அடுத்து ஓட்டை. முள்கரண்டி மாதிரி பற்கள் உள்ள கருவியைக் கோட்டின் மேல் வைத்து, சுத்தியலால் தட்டினால் 4 மி.மீ. இடைவெளியில் வரிசையாக ஓட்டைகள் விழும். கருவி கொஞ்சம் சாய்ந்தாலும் பின்பக்கம் வரிசை கோணிவிடும். என்னுடையது கோணியது.

பிறகு தையல். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வோர் ஓட்டையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகப் போய்வர வேண்டும். தையல் இயந்திரம் போடும் தையல் ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளரும். இதில் ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும், மறுபக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். குதிரைச் சேணத்துக்கும் செருப்புக்கும் இந்தத் தையல்தான்.

கடைசியில் ஓரத்தில் தண்ணீர் தடவி, மரத்தண்டால் தேய்க்கத் தேய்க்க, பிசிறிய விளிம்பு கண்ணாடி போல் வழவழப்பானது. அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இன்னொரு முறை போகலாம். நீங்களும் போவதாக இருந்தால் ஒரு யோசனை: கருவிகளை முதலிலேயே வாங்கிக் குவிக்காதீர்கள். ஒரு வகுப்பு போய், கைக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

அன்றிரவு உறையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அம்மா பார்த்தும் பாராமல் ரசம் ஊற்றினார். அப்பா எடுத்தார். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. நேராகத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்த்தார்.

“எந்த ஊசி முதல்ல போகுதோ, கடைசி வரைக்கும் அதுதான்மா முதல்ல போகணும். நீ நடுவுல மாத்திட்ட. அதான் இங்க சாய்ஞ்சிருக்கு.”

ஆசிரியை சொன்னதும் அதையேதான். “உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “ஸ்கூல் விட்டதும் தாத்தாகிட்ட போயிடுவேன். நூலுக்கு மெழுகு தேய்ச்சுக் கொடுக்கிறது நான்தான். கூடப் படிக்கிற பசங்க அந்தப் பக்கம் வந்தா, தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவேன். தாத்தாவுக்கு அது தெரியும். ஒரு நாளும் ஒண்ணும் கேட்டதில்ல.”

தோல் என்றதும் நம்மிடையே வரும் தயக்கத்துக்குப் பெயர் சாதி. கப்பலேறி வந்தும் அது நம் வீட்டு மேசை வரை வந்திருக்கிறது. அதே வேலையை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டு, படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். எல்லாரும் இதயக்குறி போட்டார்கள். தாத்தாவுக்குக் கிடைத்தது, தூணுக்குப் பின்னால் ஒளிந்த மகன்.

மறுநாள் அப்பாவே கூப்பிட்டார். சிராங்கூன் ரோட்டைத் தாண்டி ஒரு சந்துக்குள் போனோம். தாத்தா உட்கார்ந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. அப்பா தூணைத் தொட்டுக் காட்டினார். பலமுறை வண்ணம் பூசிய தூண். பக்கத்தில் ஒருவர் தொலைபேசி உறையைப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த அட்டை உறையில் இப்போது அப்பாவின் பயண அட்டை இருக்கிறது. மரப்பட்டையில் பதனிட்ட தோல் கைபட்டு, வெயில்பட்டு நிறம் கூடும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். இரண்டு மாதத்தில் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. கோணல் தையல் அப்படியே இருக்கிறது. பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்றேன், அப்பா விடவில்லை.

அடுத்த முறை நேயர் யாராவது என் தாத்தாவைப் பற்றிக் கேட்டால், தேக்காவில் செருப்புத் தைத்தார் என்று சொல்வேன்.