கோட்டின் அடியும் முடிவும்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி மாணவர்க்குப் பாடம் சொல்லுகையில், வரைபடத்தின் உயரத்தைக் காணுமுன் அதன் அடியைக் காணுமாறு நாம் கூறுவதுண்டு. தமிழகத்தில் எழுத்தறிவு பெற்றோர் 2001-இல் 73.45 விழுக்காடு, 2011-இல் 80.09. அடிக்கோட்டை 70-இல் வைத்து இரு பட்டைகள் வரைந்தால், இரண்டாவது ஏறத்தாழ மூன்று மடங்கு உயர்ந்து நிற்கும். சுழியத்தில் வைத்தாலோ, சிறிதே உயரும். எண்கள் பொய்யல்ல, தோற்றமே மயக்குகிறது.

முடிவையும் நோக்க வேண்டும். இவ்வூர் நோக்கியா தொழிற்சாலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014-இல் மூடப்பட்டது. வேலைவாய்ப்பு வரைபடத்தை அதற்கு முன்னரே நிறுத்திவிட்டால், வேலையிழந்த குடும்பங்களுக்கு அதில் இடமேது?

அன்புப் பெற்றோரே, பயிற்சிக்கு அழைக்கும் விளம்பரத்தில் ஏறுமுகக் கோட்டைக் கண்டால், விடுபட்ட ஆண்டுகள் எவை என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.