பத்தரை அடிக் குழாய்

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் சுபஹுக்குப் பிறகு ஒரு சத்தம் கேட்கும். சுளகில் அரிசி கொழிப்பது போன்ற சத்தம். சர்... சர்... என்று ஒரே சீராகப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் கேட்டுவிட்டு, சீமெந்துத் தரையில் ஏதோ விழுந்ததும் நின்றுபோகும். பக்கத்து வீட்டு மாமி இரண்டு மூன்று நாட்கள் பொறுத்துப் பார்த்தார். பிறகு வேலிக்கு மேலால் எட்டி, "மாஸ்டர், வெள்ளாப்புல என்ன, அரிசி கொழிக்கிறீங்களா?" என்று கேட்டார். "ஓம் மாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பொய்தான். ஆனால் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பத்தாறு வயது, மூன்று பிள்ளைகளின் வாப்பா, கணித ஆசிரியர், பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒரு காலம் செயலாளராக இருந்தவன். இப்படியான ஒருவன் வேலியோரம் நின்று, 'என் மனைவி இடுப்பில் வளையம் சுற்றுகிறாள்' என்று எப்படிச் சொல்வது?

இது 2023 இல் தொடங்கியது. மனைவிக்கு அடிக்கடி களைப்பு, இரவில் தாகம். வெறும் வயிற்றில் இரத்தம் சோதித்தபோது சீனி 148 காட்டியது. டொக்டர் குளிசை எழுதினார். சோற்றைக் குறைக்கச் சொன்னார். கடைசியாக, "நடக்க வேணும். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம்" என்றார்.

அந்த வசனத்தை நான் அதற்கு முன்பும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

எனது ராத்தா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். உம்மா வயலுக்குப் போன நாட்களில் என்னை இடுப்பில் சுமந்து திரிந்தவர் அவர்தான். 2011 இல் அவருக்குச் சீனி வருத்தம் பிடிபட்டது. கிளினிக்கில் நடக்கச் சொன்னார்கள். ராத்தா சொன்னதைச் செய்கிற ஆள். அடுத்த நாளே பக்கத்து வீட்டுப் பெண்ணொருவரைச் சேர்த்துக்கொண்டு, அபாயாவும் பழைய பாட்டா செருப்புமாக, கடற்கரை வீதியால் நடக்கத் தொடங்கிவிட்டார். நான்கு நாட்கள் நடந்தார். ஐந்தாம் நாள் தேநீர்க் கடையில் ஒருவர் என்னிடம், "மாஸ்டர், ராத்தாவ விடியக்காலையில ரோட்டுல கண்டன்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. ஊரில் இப்படியான பேச்சுகளுக்கு மேல் சொல் தேவைப்படுவதுமில்லை.

கலாசாலையில் பயிற்சி முடித்து வந்து எனக்கு நான்கு வருடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே உடற்கல்வியும் சுகாதாரமும் எங்களுக்குப் பாடமாக இருந்தன. உடற்பயிற்சியின் நன்மைகள் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். அன்று பின்னேரம் ராத்தாவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்:

"நடக்கிறதெண்டா வளவுக்குள்ள நடங்களேன் ராத்தா. என்னத்துக்கு ரோட்டுக்குப் போறீங்க?"

ராத்தா என்னைப் பார்த்தார். "சரி தம்பி" என்றார்.

அவருடைய வளவு ஒன்பது பேர்ச். அதற்குள் வீடு, கிணறு, கோழிக்கூடு, விறகுக் குவியல். கிணற்றைச் சுற்றி ஒரு கிழமை நடந்தார். 'தலை சுத்துது தம்பி' என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு விட்டுவிட்டார். 2015 இல் கால் பெருவிரலில் ஒரு சிறு காயம். அது ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். 2016 இல் வபாத்தானார். ஐம்பது வயதுதான். நடந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த டொக்டரும் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

மனைவி வீதியைப் பற்றி என்னிடம் பேச்செடுக்கவே இல்லை. ராத்தாவின் கதை அவளுக்குத் தெரியும். அந்த வருட நோன்புப் பெருநாளைக்குக் கட்டாரிலிருந்து வந்த அவளுடைய தங்கை, பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் ஒரு பெட்டியை வைத்துக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே வளைந்த துண்டுகள் எட்டு. ஒன்றோடொன்று பொருத்தினால் வளையமாகும். மேலே மெத்தென்ற பஞ்சு, உட்பக்கம் மேடு மேடாக முகிழ்கள். பாரம் ஒரு கிலோவுக்கு மேல். "அங்க பொம்புளயள் எல்லாரும் ரூமுக்குள்ள இதத்தான் சுத்துறாங்க ராத்தா" என்றாளாம். நான் அதைக் கண்டபோது, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய பொருள் வீட்டுக்கு வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

எங்களுக்கு வளையம் என்றால் அதுதானே. உடற்பயிற்சிக் கண்காட்சியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தூக்கிப் பிடிப்பது, ஓட்டத்தின் நடுவில் நுழைந்து போவது. அதன் பூர்வீகமும் பாடசாலைதான் என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன். அவுஸ்திரேலியப் பாடசாலைகளில் பிள்ளைகள் உடற்பயிற்சிக்கு மூங்கில் வளையம் பாவித்திருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்ட அமெரிக்காவின் வாம்-ஓ கம்பனிக்காரர் இருவர் 1958 இல் பிளாஸ்டிக்கில் செய்து, ஹவாய்த் தீவு நடனத்தின் பெயரைச் சேர்த்து 'ஹூலா ஹூப்' என்று விற்றார்கள். நான்கு மாதங்களில் இருபத்தைந்து மில்லியன் விற்றதாம். பாரமான வளையம் பிற்காலத்தது. பாரமும் அகலமும் கூடினால் வளையம் ஆறுதலாகச் சுற்றும். பழகுகிறவருக்கு அதைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். பிள்ளைகளின் இலேசான வளையத்தை வாங்கி, அது நிற்கவில்லை என்று பெரியவர்கள் மூலையில் போடுவது இது தெரியாமல்தான்.

மனைவி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினாள். முதல் கிழமை அவளுடைய இடுப்பைச் சுற்றி நீலம் பாரித்துப்போனது. முகிழ்களின் வேலை. இரண்டு நாள் ஓய்வெடுத்தாள். பிறகு தடித்த சட்டைக்கு மேல் பழைய சாரன் துண்டொன்றைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். இடுப்பை வட்டமாகச் சுழற்ற வேண்டியதில்லை. ஒரு காலை முன்னே வைத்து, வளையத்தை முதுகோடு சேர்த்துப் பிடித்துத் தள்ளிவிட்டு, உடம்பை முன்னும் பின்னுமாக அசைத்தால் போதும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் மகள். மகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் நானும் முயன்று பார்த்தேன். யன்னல் திரையை இழுத்துவிட்டு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, வளையத்துக்குள் நின்றேன். விட்ட மாத்திரத்தில் அது என் முழங்காலைத் தடவிக்கொண்டு காலடியில் கிடந்தது. இருபது தடவையாவது முயன்றிருப்பேன். இருபது தடவையும் அதே கதிதான். ஏனென்று எனக்கு விளங்கியது 2025 தொடக்கத்தில். நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் சிறிய இயந்திர உருவங்களில் வளையத்தைச் சுற்றவிட்டுச் சோதித்த செய்தியை வாசித்தேன். உருளை வடிவத்தில் வளையம் கீழே வழுக்கிவிடுகிறது. கூம்பில் மேலே ஏறுகிறது, அல்லது கீழே இறங்குகிறது, ஓரிடத்தில் தங்குவதில்லை. இடை சிறுத்து, மேலும் கீழும் அகன்ற உடுக்கு வடிவத்தில் மட்டுமே நிலைத்து நிற்கிறது. அதாவது, வளையத்துக்குச் சரிவான இடுப்பும் வேண்டும், வளைந்த இடையும் வேண்டும். பதினைந்து வருடங்களாகத் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு உருளையும் கூம்பும் படிப்பிக்கிறேன். நான் எந்த வகை என்று அன்றுதான் தெரிந்தது. ஒல்லியானவர்களுக்கும் பருத்தவர்களுக்கும் பயிற்சியால் இது கைகூடும் என்று மகள் ஆறுதல் சொன்னாள். இன்னும் கைகூடவில்லை.

பெட்டியில் வந்த வளையத்தின் பூட்டு ஒன்று எட்டாவது மாதத்தில் உடைந்தது. நூல் கட்டிப் பார்த்தோம். சுற்றும்போது அது அவிழ்ந்து ஒரு துண்டு அலுமாரிக் கண்ணாடியில் போய் விழுந்தது. மனைவி ஒன்றும் சொல்லாமல் துண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். அப்போது அவளுடைய சீனி 121 க்கு இறங்கியிருந்தது. குளிசை, சோற்றுக் குறைப்பு, வளையம் ஆகிய மூன்றில் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டி கட்டிலுக்குக் கீழே போனதைப் பார்த்ததும், கிணற்றைச் சுற்றி நடந்த ராத்தாவின் நினைவு வந்துவிட்டது.

அன்றே ஹாட்வெயார் கடைக்குப் போனேன். தண்ணீர் இழுக்கிற கறுப்புப் பைப், முக்கால் அங்குலம். எத்தனை அடி? நேராக நின்றால் வளையத்தின் உயரம் தொப்புளுக்கு வர வேண்டும். மனைவிக்கு அது நாற்பது அங்குலம். விட்டத்தைப் பையால் பெருக்கினால் சுமார் 126 அங்குலம், பத்தரை அடி. கடைக்காரர் கிணற்றுக்கா என்று கேட்டார். அங்கேயும் ஓம் என்றேன்.

இரு முனைகளையும் கொதிநீரில் நனைத்து இளக்கி, உள்ளே செருகுகிற ஜொயின்ட் ஒன்றால் பொருத்தினால் வளையம் தயார். பொருத்துவதற்கு முன் அரைக் கிலோ மணலை உள்ளே இட வேண்டும். இதில் நான் ஒரு பிழை விட்டேன். மழைக்கு மறுநாள் கடற்கரையில் அள்ளிய ஈர மணலை அப்படியே போட்டுவிட்டேன். அது ஒரு பக்கத்தில் கட்டியாக ஒட்டிக்கொள்ள, வளையம் நொண்டி நொண்டிச் சுற்றியது. திரும்பவும் கழற்றி, மணலைத் தாச்சியில் இட்டு வறுத்தேன். வட்டிலப்பத்துக்குச் சீனி காய்ச்சுகிற தாச்சி அது. அதற்காக வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது. காய்ந்த மணல் குழாய்க்குள் சீராக ஓடியது. வெளியே, சாரன் கிழித்த துண்டுகளால் இறுக்கிச் சுற்றித் தைத்தோம். பாரம் ஒரு கிலோ அளவில் வந்தது. மாமி கேட்ட சத்தம் அந்த மணலினுடையதுதான்.

இதற்கிடையில், ஆசிரியப் புத்தி, வளையம் பற்றிய ஆய்வுகள் ஏதும் உண்டா என்று தேடினேன். பின்லாந்தில் செய்து 2019 இல் வெளியிட்ட ஒன்று கிடைத்தது. எடை கூடிய 53 பேரை எடுத்து, ஆறு வாரம் ஒன்றரைக் கிலோ வளையம் சுற்றவும், ஆறு வாரம் நடக்கவும் விட்டிருக்கிறார்கள். வளையம் நாளொன்றுக்குச் சுமார் பதின்மூன்று நிமிடம். நடை சுமார் பத்தாயிரம் எட்டு. வளையத்தில் இடுப்புச் சுற்றளவு மூன்று சென்ரிமீற்றர் அளவில் குறைந்தது. நடையில் ஒன்றுகூட இல்லை. கெட்ட கொலஸ்ரோலும் வளையத்தில் குறைந்தது. நிறை என்னவோ இரண்டிலும் பெரிதாக மாறவில்லை. ஒரு பின்னேரம் இதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். என் குரலில் கொஞ்சம் வெற்றிக் களிப்பும் இருந்திருக்கும். பாருங்கள், பதின்மூன்று நிமிடம், அதுவும் வீட்டுக்குள்ளேயே!

"பிரஷருக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். அவளுக்குச் சில மாதங்களாக அதுவும் சற்றுக் கூடுதலாக இருந்தது.

பார்த்தேன். இரத்த அழுத்தம் குறைந்தது நடையில்தான்.

"அப்ப ரெண்டும் வேணும்" என்றாள். பீன்ஸ் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "ராத்தாவுக்கு ஒங்கட வளையம் தேவப்பட்டிருக்கா. அவக்கு ரோட்டுத்தான் தேவப்பட்டிச்சு."

நான் பதில் சொல்லவில்லை. பத்தரை அடிக் குழாயை வளைத்துக் கொடுத்ததில் ஏதோ ஒரு கடனைத் தீர்த்துவிட்டதாக எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது உண்மை. அவளுக்கு அது தெரிந்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை விடியக்காலையில் இருவரும் கடற்கரை வீதியால் நடந்தோம். தேநீர்க் கடை திறந்திருந்தது. இரண்டொருவர் ஸலாம் சொன்னார்கள். நான் கூட நடந்தபடியால்தான் ஸலாமோடு நின்றதென்று மனைவி சொன்னாள், இருக்கலாம். நான் பாடசாலைக்குப் போகிற நாட்களில் அவள் தனியே போவதில்லை. பக்கத்து வீட்டு மாமியைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். மாமி யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற நாட்களில் வளையம்தான்.

போன மாதம் பாடசாலையில் இடைவேளை நேரம், எங்களுடைய விஞ்ஞான ஆசிரியர் என்னைத் தனியே மாமரத்தடிக்குக் கூப்பிட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "மச்சான், ஒன்ட வீட்ட வளையம் ஒண்டு செஞ்சிருக்காம். என்ட பொண்டாட்டி கேட்டுக்கு வரச் சொன்னா. பைப் எத்தின அடி?" என்றார்.

"ஒன்ட பொஞ்சாதிட தொப்புளளவு உயரம் எவ்வளவு?" என்று கேட்டேன். அவர் விழித்தார். அளந்துகொண்டு வரச் சொன்னேன். மணலை வறுத்துப் போடவும் சொன்னேன். ஆனால் வேறு தாச்சியில்.