ப்ளீஸ், ஏறாதீர்கள்!

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே, செம்மண் பொட்டலில், 348 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைப் பாறை. பெயர் உலூரு. காலண்டரில் பார்த்திருப்பீர்கள். அடிவாரக் குகைகளைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதில் ஒன்று, அனங்கு பழங்குடியினரின் பள்ளிக்கூடம். பெரியவர்கள் பையன்களை உட்காரவைத்து, அந்தப் பொட்டலில் எப்படிப் பிழைப்பது என்று பாறையில் படம் வரைந்து சொல்லித்தந்த இடம். நம்ம வாத்தியாரின் கரும்பலகையேதான்! பிறகு டூரிஸ்ட்டுகள் வந்தார்கள். போட்டோவில் பளிச்சென்று விழவேண்டுமே என்று, கைடுகள் பாறை ஓவியங்கள் மேல் தண்ணீரை வாரி இறைத்தார்கள். ஓவியங்கள் சேதமானதுதான் மிச்சம்.

1985, அக்டோபர் 26 அன்று அரசாங்கம் பாறையை அனங்குகளிடமே ஒப்படைத்தது. பத்திரத்தைக் கொடுத்த கையோடு, தேசியப் பூங்காவுக்கென்று 99 வருஷக் குத்தகைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. பி.காம். படித்த எனக்கே தலை சுற்றுகிறது.

'இது எங்களுக்குப் புனிதமான இடம், தயவுசெய்து ஏறாதீர்கள்' என்று அனங்குகள் போர்டு வைத்தார்கள். பக்கத்திலேயே, பிடித்துக்கொண்டு ஏற, 1964-ல் போட்ட இரும்புச் சங்கிலி! ஏறப்போய் 35 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கும் துக்கப்பட்டவர்கள் அனங்குகள்தான். தங்கள் மண்ணில் நடந்த சாவாயிற்றே.

ஒருவழியாக, 2019-ல், அதே அக்டோபர் 26 முதல் ஏறத் தடை. முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? கடைசி சான்ஸாச்சே என்று நீண்ட க்யூ! அங்கே இருந்திருந்தால், அதில் நின்றிருக்க மாட்டேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. நீங்கள்?

சங்கிலியைக் கழற்றிவிட்டார்கள். இத்தனை வருஷம் ஷூக்கள் தேய்த்த வெளிறிய கோடு மட்டும் தூரத்திலிருந்தே தெரிகிறது.