மண் வீடும் மண் கிண்ணமும்

இமாசலப் பிரதேசம், காங்க்ரா மாவட்டத்தில் பாலம்பூர் பக்கத்தில் இருக்கிறது ஆந்த்ரெட்டா. வயல்களுக்குப் பின்னால் தௌலாதார் மலைத்தொடர். அயர்லாந்தில் பிறந்த நாடகக்காரர் நோரா ரிச்சர்ட்ஸ் இங்கே மண் வீடு கட்டி வாழ்ந்தார். ஓவியர் சோபா சிங்கும் வந்து சேர, சிற்றூர் கலையூர் ஆனது. டெல்லி மட்பாண்டக் கலைஞர் குருசரண் சிங்கின் மகனும் மருமகளும் 1983-ல் தொடங்கிய கூடத்தில் நம்மைப் போன்றவர்களும் பானை வனையப் பழகலாம்.

ஆசைக்கு நானும் சக்கரத்தில் உட்கார்ந்தேன். மண் உருண்டை ஆடாமல் நடுவில் நின்றால்தான் விரலை உள்ளே இறக்க வேண்டுமாம். அவசரப்பட்டேன், மூன்று முறை சரிந்தது. நான்காவதில் கோணலாக ஒரு கிண்ணம்! இடுப்பு விட்டுப்போச்சு.

பொங்கல் பானைக்கு எங்க ஊர் வேளார் தாத்தாவிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசியது அப்போது உறுத்தியது. எனக்குப் பொழுதுபோக்கு, அவருக்குச் சோறு. அவர் சக்கரத்தை ஓரங்கட்டி வருஷங்களாச்சு.

ஊர் திரும்பியதும் அவரிடம்தான் போனேன். "ஏரி மண்ணு கிடைச்சா இன்னமும் சுத்துவேன் தம்பி" என்றார். விவசாயிகளைப் போலவே மண்பாண்டத் தொழிலாளர்களும் அனுமதி பெற்று ஏரி மண் எடுக்கலாம். வயலுக்கு வண்டல் கேட்டு நான் மனு எழுதும்போது, அவருக்கும் சேர்த்தே எழுதிவிட்டேன்.