ஷோ கேக்கலாமா, பேக் பண்ணலாமா?

சீட்டாட்டத்துல நல்ல சீட்டு வந்தா கவலையே இல்லீங்க. மோசமான சீட்டு வந்தாலும் கவுத்து வெச்சுட்டு டீ குடிக்கப் போயிரலாம். நடுவாந்தரமா ஒண்ணு வந்து, கடைசியில ரெண்டே பேர் மிஞ்சி, எதிராளி காசை நடுவுல தள்ளிட்டு நம்ம மூஞ்சியப் பாக்குறாரு பாருங்க, அந்த நிமிஷந்தான் ரோதனை. போக்கர்ல அந்தக் கடைசிக் காசைக் கட்டிப் பாக்குறதுக்குப் பேரு 'கால்'. நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் தீபாவளிக்கு ஆடுற மூணு சீட்டுல 'ஷோ'. ரெண்டும் பங்காளிங்கதான்.

மூணு சீட்டு தெரியாத நல்ல பிள்ளைகளுக்காக ரெண்டு வரி. ஆளுக்கு மூணு சீட்டு. பாக்காம ஆடுனா பிளைண்டு. பாத்து ஆடுனா அதுக்கு ரெண்டு மடங்கு கட்டோணும். கடைசி ரெண்டு பேர்ல ஒருத்தர் காசு கட்டி ஷோ கேக்கலாம். ரெண்டு பேர் சீட்டும் சமமா இருந்தா, கேட்டவர்தான் தோத்தவர்.

இப்போ கணக்குக்கு வருவோம். நடுவுல ஆயிரம் ரூபா கெடக்குது. ஷோவுக்கு இருநூறு. அஞ்சு தடவை தோத்து ஒரே ஒரு தடவை ஜெயிச்சாலும் போட்டதும் வந்ததும் சரியாப் போயிரும். ஆறுல ஒண்ணுக்கு மேல ஜெயிப்பேன்னு தோணுனா கட்டலாம், இல்லைன்னா பேக். போக்கர்ல நடுவுல ஐநூறு இருக்குறப்ப எதிராளி இன்னொரு ஐநூறைத் தள்ளுனா, நீங்க ஐநூறு கட்டி ஆயிரத்துக்கு ஆடுறீங்க. அங்க மூணுல ஒரு தடவையாவது ஜெயிக்கோணும். ஆக முதல் கேள்வி "அவன் பொய் சொல்றானா?" இல்ல. "எத்தனைக்கு ஒரு தடவை அவன் பொய் சொன்னா எனக்குக் கட்டுபடியாகும்?"

ரெண்டாவது கேள்வியிலதான் நெறையப் பேரு கோட்டை விடுவாங்க. மூணு சீட்டு மொத்தம் 22,100 விதமா விழலாம். அதுல 16,440ல ஒண்ணுமே இருக்காது, ஜோடி கூட. அதாவது நூத்துக்கு 74. கையில எட்டு ஜோடி வெச்சிருக்குறவர், "நூத்துல 74 பேர்கிட்ட வெறும் சீட்டுதானே"ன்னு தெம்பாக் காசைப் போடுவார். அந்த 74ல முக்கால்வாசிப் பேரு முதல் ரவுண்டுலயே பேக் பண்ணிட்டுப் போயிட்டாங்கங்க! மிஞ்சி உக்காந்திருக்குறவரு பொறுக்கி எடுத்த ஆளு. இந்த மனுசன் என்னென்ன சீட்டு வெச்சிருந்தா இவ்ளோ காசு போடுவாரு, அதுல எத்தனைய என் எட்டு ஜோடி அடிக்கும்? அதைத்தான் யோசிக்கோணும். அதனாலதான் அதே எட்டு ஜோடிய வெச்சு, சும்மாவே சவுண்டு விடுற மச்சான்கிட்ட ஷோ கேக்கலாம். வரிசை வந்தாத்தான் வாயத் தொறக்குற மாமாகிட்ட கவுத்து வெக்கோணும்.

இப்படி எல்லாம் யோசிச்சும் தப்பாப் போகும். 2003ல லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில கடைசி ரெண்டு பேர்: கிறிஸ் மணிமேக்கர்னு ஒரு கணக்காளர் (நெஜப் பேரே அதுதாங்க), சாமி ஃபார்ஹான்னு பழம் தின்னு கொட்டை போட்ட ஆளு. கலருக்கும் வரிசைக்கும் காத்திருந்து ரெண்டும் வராத மணிமேக்கர், இருந்த மொத்தத்தையும் தள்ளிட்டார். ஃபார்ஹாகிட்ட ஒன்பது ஜோடி. கட்டியிருந்தா அவர்தான் ஜெயிச்சிருப்பார். ஆனா தரையில மூணு ஸ்பேடு கெடக்குது, பயம் நியாயமானது. ரொம்ப நேரம் யோசிச்சுட்டு மடிச்சுட்டார். கடைசியில 25 லட்சம் டாலர் மணிமேக்கருக்கு. முடிவு வேற, விளைவு வேற.

இதை எனக்குப் புரிய வெச்சது சீட்டு இல்லீங்க, போர்வெல்லு. மேல சொன்ன வாயத் தொறக்காத மாமா, பல்லடம் பக்கம் காயுற தென்னைக்காகப் போர் போட்டார். பாதிக் காசு அத்தை நகைய அடகு வெச்சது. திருச்செங்கோட்டு வண்டி. நம்ம பூமிதான் தெரியுமே, பூராவும் பாறை, தண்ணி வெடிப்புல இருந்தாத்தான் உண்டு. 900 அடியிலயும் வெறும் புழுதி. "இன்னொரு நூறு அடி ஓட்டட்டுங்களா?"ன்னு வண்டிக்காரர் கேக்குறார். ஆழம் போகப் போக அடிக்கு ரேட்டும் ஏறும். சுத்தி நின்ன அத்தனை பேரும், "இவ்ளோ போட்டாச்சு, நூறடியில என்ன வந்துரப் போகுது"ங்குறாங்க.

மாமா நிறுத்தச் சொல்லிட்டார். "சீட்டுல போட்ட காசு நடுவுல கெடக்கும் மாப்ளே, ஜெயிச்சா எடுத்துக்கலாம். இந்தக் குழிக்குள்ள என் காசு இல்ல"ன்னார்.

அடுத்த வருசம் பக்கத்துத் தோட்டத்துல 1,150 அடியில தண்ணி வந்துச்சு. மாமாவோட தென்னை பாதி காஞ்சுது. ஊரே பேசுச்சு. ஆனா நகை வீட்டுக்குத் திரும்பிருச்சு. இன்னைக்கும் அவர் முடிவு சரின்னுதான் நான் சொல்லுவேன். அந்த ராத்திரி அவர் கண்ணுக்குத் தெரிஞ்சது புழுதி மட்டுந்தான்.

உங்க வீட்லயும் இப்படி ஒரு "இன்னொரு நூறு அடி" கதை கண்டிப்பா இருக்கும். சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: காசு வெச்சு ஆடச் சொல்லி எழுதலீங்க. ஆன்லைன் ரம்மியில குடும்பம் அழிஞ்ச கதையெல்லாம் நம்ம மாநிலத்துக்கு நல்லாவே தெரியும். ஆன்லைன்ல காசு கட்டி ஆடுறதையே தடை பண்ணி 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல சட்டமும் நிறைவேத்திட்டாங்க. எங்க வீட்டுத் தீபாவளி ஆட்டம் புளியங்கொட்டைக்குத்தான் :)