ரப்பருக்கு அரிசி

சின்ன நாடுகள் வல்லரசுகளை எப்படிச் சமாளிக்கின்றன என்ற பேச்சு வந்தாலே எனக்கு 1952-ஆம் வருஷத்து இலங்கை ஞாபகத்துக்கு வரும்.

கொரியப் போர் நேரம். சீனாவுக்கு ரப்பர் போன்ற பொருட்களை விற்கக் கூடாது என்று ஐ.நா. 1951-இல் தீர்மானம் போட்டிருந்தது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினரே இல்லை, 1955-இல்தான் இடம் கிடைத்தது. ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது, அரிசியோ யானை விலை. ஆட்சியிலிருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு கம்யூனிஸ்ட் என்றாலே ஆகாது. இருந்தும் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீஜிங் போனார். வருஷத்துக்கு 50,000 டன் ரப்பர், 2,70,000 டன் அரிசி என்று ஐந்து வருஷ ஒப்பந்தம். ரப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகவே சீனா கொடுத்தது. அமெரிக்கா உதவியை மறுத்தது. கொழும்பு பின்வாங்கவில்லை.

அந்தத் துணிச்சலை மனதார மதிக்கிறேன். ஆனால் வெளியே நிமிர்ந்து நின்ற அரசு உள்ளே தடுமாறியது. கஜானா காலியாகி மானியத்தை வெட்டியதில் ரேஷன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. 1953 ஆகஸ்டில் ஹர்த்தால் வெடித்தது, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. விடியலில் மரம் மரமாகப் போய்ப் பால்வெட்டி, சிரட்டையில் வடிந்ததை வாளியில் சேர்த்துச் சுமந்தவர்களில் தோட்டத் தமிழர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையை இதே கட்சியின் அரசு 1948-இலேயே பறித்திருந்தது. அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. நாட்டுக்குச் சோறு போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி எழுதும் பலர் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை.